நகம் சொன்ன சேதி

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் இங்கே நலம். சளி மட்டும் விருந்துக்கு வந்த உறவுக்காரர் மாதிரி கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. நீ, மச்சான், உன் மாமி, நாத்தனார் எல்லோரும் சுகமா? உன் முதுகுவலி எப்படி? நாள் முழுக்கக் கவுண்டரில் நிற்கிறவளுக்கு ஒரு முக்காலி போட்டால் உன் கடைக்காரர் குடியா முழுகிப் போய்விடும்?

உன் ஃபோன் வீட்டுக்கே பொது, நாத்தனார் அதில்தான் படிக்கிறாள், அதனால் கடை முகவரிக்குக் கடிதம் போடு என்றாய். போட்டுவிட்டேன். இப்போது என் காரியத்துக்கு வருகிறேன்.

எங்கள் கம்பெனி ஹலால் முத்திரையோடு லிப்ஸ்டிக், கிரீம், நெயில் பாலிஷ் எல்லாம் செய்கிறது இல்லையா? முஸ்லிம் இளசுகள் இதை ஏன் வாங்குகிறார்கள் என்று கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் பட்டை. எதைச் சொன்னாலும் “பட்டை வரைபடமா போட்டுக் குடுங்க” என்பார். அவர் கேள்வித்தாளில் ஐந்து கட்டம் போட்டுக் கொடுத்தார்: மார்க்கப் பற்று, வீட்டார் சொல், தோழிகள், விளம்பரம், தரம். ஊரில் உள்ள அத்தனை பெண்களும் முதல் கட்டத்தில் டிக் அடித்துவிட்டார்கள். பட்டைக்கு ஒரே ஒரு பட்டை, கூரை வரைக்கும்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பற்று இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் “எனக்கு மார்க்கத்தைவிட மணம்தான் முக்கியம்” என்று எவள் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள்? அந்தத் தாளை நிரப்பிய ஒரு பெண் பையைத் திறந்து பேனா தேடினாள், உள்ளே முத்திரை இல்லாத லிப்ஸ்டிக் மூன்று கிடந்தது. நீ தினமும் அவர்களை நேரில் பார்க்கிறாய். என்ன பார்க்கிறார்கள், எதைத் தொடுகிறார்கள், யாரைக் கேட்கிறார்கள் என்று கவனித்து எழுது. ஒன்றையும் விட்டுவிடாதே.

துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்.

உன் தங்கை,
கேள்விக்குறி

*

ஜூன் 27

என் செல்லக் கேள்விக்குறிக்கு,

வ அலைக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். சளிக்கு ஆவி பிடி. ஆராய்ச்சி பண்ணாதே.

பேர் வைத்ததே நான்தான், அதனால் உன்னைத் திட்ட முடியவில்லை. பேசத் தொடங்கிய நாளிலிருந்து “ஏன்” என்ற சொல்லை மட்டும் நீ துருப்பிடிக்க விட்டதே இல்லை. சரி, கேள். கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நின்று பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

வருகிற பெண் முதலில் டப்பாவைத் திருப்பி முத்திரையைத் தேடுகிறாள். கிடைத்ததும் முகத்தில் ஒரு நிம்மதி. அதோடு முத்திரையின் வேலை முடிந்தது. பிறகு மூடியைத் திறந்து முகர்கிறாள். மணம் பிடிக்கவில்லை என்றால் முத்திரை பத்து இருந்தாலும் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். தேடுவது கண், வாங்குவது மூக்கு. இதை உன் பட்டையிடம் சொல்.

தோழிகளோடு வருகிறவர்கள் வேறு சாதி. ஒருத்தி உதட்டில் பூசிப் பார்ப்பாள், நான்கு பேர் தீர்ப்புச் சொல்வார்கள். ஃபோனில் வீடியோ போடுகிற யாரோ ஒரு பெண் பூசியதே வேண்டும் என்று ஃபோனை நீட்டுகிறவர்களும் உண்டு. “அந்த அக்கா பர்தா போட்டுக்கிட்டே எவ்ளோ அழகா இருக்காங்க பாருங்க” என்றாள் ஒருத்தி. அவளுக்கு வேண்டியது லிப்ஸ்டிக் இல்லை, அந்த “போட்டுக்கிட்டே”தான். போன வாரம் ஒருத்தி வருங்கால மாமியாரோடு வந்தாள். அவர் பார்க்கும்போது முத்திரை உள்ளதை எடுத்தாள். அவர் கிரீம் பக்கம் நகர்ந்ததும் முத்திரை இல்லாத ஒன்றையும் கூடையில் போட்டு, மேலே துண்டுக் காகிதத்தை வைத்து மூடினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு பில் போட்டேன்.

முஸ்லிம் அல்லாத ஒரு பெண் மாதாமாதம் வருகிறாள். மிருகக் கொழுப்பு இருக்காது என்று வாங்குகிறாளாம். அவளை எந்தக் கட்டத்தில் போடுவாய்?

ஒரு சந்தேகம். உங்கள் நெயில் பாலிஷ் டப்பாவில் “தண்ணீர் ஊடுருவும்” என்று போட்டிருக்கிறதே, நிஜமாகவே தண்ணீர் போகுமா? ஒரு வாடிக்கையாளர் கேட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். சளி விடைபெற்றுவிட்டது. ஆவிதான் காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன், அதற்கு மேல் உனக்குப் பெருமை வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் என் ஸலாம் சொல்.

“தேடுவது கண், வாங்குவது மூக்கு” என்பதைக் கூட்டத்தில் படித்தேன். பட்டை எழுந்து நின்றுவிட்டார். “தரம்” கட்டத்தில் மணத்தையும் சேர்க்க உத்தரவு. துண்டுக் காகிதத்துக் கதைக்குச் சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். அந்தப் பெண் யாரை ஏமாற்றினாள், மாமியாரையா, தன்னையா? எனக்கு அதுவும் தெரிய வேண்டும்.

நெயில் பாலிஷ் கேட்டாயே. முத்திரை என்பது உள்ளே சேர்க்கிற பொருளுக்கு மட்டும்தான் அக்கா. பன்றிக் கொழுப்பு இல்லை, விலக்கப்பட்டது எதுவும் இல்லை என்பது வரைக்கும் அதன் பொறுப்பு. தண்ணீர் போகும் என்பது விளம்பரப் பிரிவு எழுதியது. இரண்டும் ஒரே டப்பாவில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஜனங்கள் சேர்த்துப் படிக்கிறார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்து அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன்.

அந்த வாடிக்கையாளர் யார்? எத்தனை வயது? ஏன் கேட்டாள்?

உன்
கேள்விக்குறி

*

ஜூலை 22

கேள்விக்குறிக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். மாமிக்கு முழங்கால் வலி, நாத்தனாருக்குப் பரீட்சை, மச்சானுக்கு வழக்கம்போல வேலை.

நெயில் பாலிஷ் வாங்குகிறவர்களை இந்த இரண்டு வாரமாகத் தனியாகக் கவனித்தேன். இவர்கள் முகர்வதில்லை. நிறத்தில்கூட அதிக நேரம் செலவழிப்பதில்லை. டப்பாவில் எழுதியதை மட்டும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படிக்கிறார்கள். ஏன் என்று புரியாமல் ஒரு கல்லூரிப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். முதலில் சிரித்து மழுப்பினாள். பிறகு கூட்டம் குறைந்ததும் சொன்னாள்:

“அக்கா, சாதா பாலிஷ் போட்டா, தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவி ஒளு செய்யும்போது தண்ணி நகத்துல படாது. அதனால மாசாமாசம் வர்ற அந்தத் தொழுகை இல்லாத நாள்ல மட்டும்தான் போடுவோம். அது எல்லாருக்கும் தெரியும்ல? நான் பாலிஷ் போட்டுட்டு ஹாலுக்கு வந்தா போதும், எங்க அண்ணன் கையைப் பாத்துட்டு வேற பக்கம் திரும்பிக்கிறான். மாமா வந்தா அவரும் பாக்குறாரு. எனக்கு இன்னைக்கு என்ன நாள்னு வீடு முழுக்க போர்டு மாட்டுன மாதிரி இருக்கு. இதைத் தினமும் போட்டுக்கிட்டா போர்டுல ஒண்ணும் எழுதியிருக்காதுல்ல?”

இத்தனை நாள் நான் விற்றது நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்களே, இந்தப் பிள்ளைகள் பத்து நகத்துக்குள் அதைத் தேடுகிறார்கள்.

ஆய்வுக்கூடத்தில் கேட்டாயா? அந்த வாடிக்கையாளர் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். தொழுகை விஷயம், விளம்பரத்தை நம்பி இறங்க அவளுக்குப் பயம். என்ன சொல்லட்டும்?

உன் அக்கா

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். உன் முதுகுக்கு என் ஆயிரம் ஸலாம். மாமியின் முழங்காலுக்கு அல்லாஹ் ஷிஃபாவைத் தரட்டும்.

அக்கா, கிணறு வெட்டப் பூதம் கிளம்பியிருக்கிறது! நான் பாலிஷ் பூசுகிறவளே இல்லை, அதனால் இது என் மூளையில் உதிக்கவே இல்லை. உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டையிடம் ஓடினேன். ஓடிய பிறகுதான் புரிந்தது, அவருக்கு இதை விளக்க வேண்டியது நான். ஒளு என்றால் என்ன, நகத்தில் ஏன் தண்ணீர் பட வேண்டும் என்பது வரைக்கும் அழகாகச் சொல்லிவிட்டேன். அவர் அப்பாவியாகக் கேட்டார்: “சரிம்மா, ஆனா எந்த நாள்ல தொழுகை இருக்காது? ஞாயித்துக்கிழமையா?”

நான் கூரையைப் பார்த்தேன். பக்கத்து மேஜை அக்காதான் காப்பாற்றினார். “சார், அதை வீட்டுல போய் உங்க சம்சாரத்தைக் கேளுங்க” என்றார். பிறகு பட்டையின் காது மிளகாய்ப் பழ நிறத்துக்கு வந்தது. “ஆறாவதா ஒரு கட்டம் போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டு, வராத ஃபோனை எடுத்துப் பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

ஆறாவது கட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது? “மறைவு” என்றால் தப்புச் செய்கிறவர்கள் மாதிரி இருக்கிறது. “தனிமை” என்றால் அழுகை வருகிறது. யோசித்துச் சொல்.

ஆய்வுக்கூடத்து அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் சோடாபுட்டி, கண்ணாடி அவ்வளவு தடிமன். அவர் கண் ஆபரேஷனுக்காக நீண்ட லீவில் இருக்கிறார். வேறு யாரும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள். அவர் வரும் வரை உன் வாடிக்கையாளரை எதையும் பூசாமல் வெறும் நகத்தோடு இருக்கச் சொல். நாளைக்கு என்னால் ஒருத்தியின் தொழுகை கெட்டது என்று வரக்கூடாது.

உன்
கேள்விக்குறி

*

செப்டம்பர் 11

கேள்விக்குறிக்கு,

ஸலாம். சுகம். நீயும் சுகமாக இருக்க துஆ.

பதில் எழுத நாளாகிவிட்டது. நேரம் இல்லை என்று சொல்ல மாட்டேன், இப்போது எனக்கு வீட்டில் நேரம்தான் அதிகம். மாமி என்னை எதையும் தொட விடுவதில்லை. தண்ணீர் வாளியைத் தூக்கினால் “வைம்மா கீழ, நான் எதுக்கு இருக்கேன்?” என்று பிடுங்கிக்கொள்கிறார், அந்த முழங்காலோடு. துணி துவைப்பது நாத்தனார் பாடு. அவள் முணுமுணுத்தால் ஓர் அதட்டல். காலையில் ஒரு டம்ளர் பாலைக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும் வரை காவல்காரர் மாதிரி பக்கத்திலேயே நிற்கிறார். “அந்தக் கடையில முக்காலி கேட்டு வாங்கு, இல்லாட்டி நானே வந்து கேக்குறேன்” என்று ஒரே பிடிவாதம். கேட்டேன். போட்டுவிட்டார்கள். இதை எழுதும்போது உட்கார்ந்திருக்கிறேன்.

மாமி நல்லவர்தான், எப்போதுமே. ஆனால் முன்பெல்லாம் டீயை வாங்கும்போது என் கையைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார். இப்போது நேராக முகத்தைப் பார்க்கிறார். “மகளே” என்கிறார்.

கவுண்டரில் பெரிய சேதி ஒன்றும் இல்லை. ஒரு பையன் ஆல்கஹால் இல்லாத சென்ட் கேட்டான். தொழுகைக்கா என்றேன். “இல்லக்கா, பொண்ணு வீட்ல பேசப் போறோம்” என்று வெட்கப்பட்டான். இதற்கும் ஒரு கட்டம் போடு.

சோடாபுட்டி வந்துவிட்டாரா? அந்த வாடிக்கையாளர் நீ சொன்னபடி வெறும் நகத்தோடுதான் இருக்கிறாள்.

உன் அக்கா

*

செப்டம்பர் 19

என் உயிர் அக்காவுக்கு,

ஸலாம், ஸலாம், ஆயிரம் ஸலாம்!

எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? வாளியைப் பிடுங்கினார், பால், முக்காலி, “மகளே”! இதைக்கூடக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் நான் என்ன ஆராய்ச்சிக்காரி? நீ வாயைத் திறந்து சொல்லவில்லை, சரி, ஆரம்பத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் கேட்கவில்லை. நம் உம்மாவிடம் மூச்சுவிட மாட்டேன். உம்மா உனக்காக துஆ கேட்காத தொழுகை உண்டா? நீயே சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க நான் அங்கே இருக்க வேண்டும்.

ஒரே ஒரு தப்புச் செய்துவிட்டேன். ஆபீஸ் விட்டு வரும் வழியில் ஒரு கடையில் சின்னதாக ஒரு மஞ்சள் சட்டை தொங்கியது. என் உள்ளங்கை அளவுதான் இருக்கும். கால் தானாக உள்ளே போய்விட்டது. என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

மறந்தே போனேன், சோடாபுட்டி வந்துவிட்டார். வடிகட்டுகிற தாளில் நம் பாலிஷைப் பூசி, காயவைத்து, மேலே தண்ணீரை விட்டுத் தேய்த்துக் காட்டினார். மெல்லிசாக ஒரு பூச்சு என்றால் வெகுநேரம் தேய்த்த பிறகு அடியில் ஈரம் தெரிகிறது. இரண்டாவது பூச்சுப் போட்டால் சொட்டுக்கூட இறங்கவில்லை. ஒற்றைப் பூச்சோடு எந்தப் பெண் நிறுத்துவாள்? “இதை நான் எழுதிக் குடுத்து ரொம்ப நாளாச்சு, டப்பால போட இடமில்லையாம்” என்றார். உன் வாடிக்கையாளரிடம் சொல், ஒளுவுக்கு முன் அழித்துவிடுவதுதான் நல்லது. மற்றதை மார்க்கம் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

பாரம் தூக்காதே. பாலைக் குடி.

உன்
கேள்விக்குறி

*

செப்டம்பர் 30

என் தங்கைக்கு,

ஸலாம். நீ சுகமாக இருக்க வேண்டும்.

அந்தச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடு. ஒன்றும் இல்லை. ஒன்றும் இருக்கவும் இல்லை.

உன் மேல் கோபம் இல்லை. உனக்கு வந்த நினைப்புத்தான் மாமிக்கும் வந்தது. நீ பாலையும் முக்காலியையும் வைத்துக் கணக்குப் போட்டாய், அவர் என் நகத்தை வைத்துப் போட்டார்.

அந்த வாடிக்கையாளர் நான்தான். எங்கள் கடையில் கவுண்டர் பெண்கள் பாலிஷ் போட்டுக்கொண்டால் கடைக்காரருக்குப் பிடிக்கும், விற்பனை ஆகும் என்பார். மற்றவர்கள் எப்போதும் போடுவார்கள், நான் தொழுகை இல்லாத நாளில் மட்டும் போடுவேன். சிவப்பு நகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தால் மாமியின் முகம் விழுந்துவிடும். ஒரு வார்த்தை சொன்னதில்லை. டீயை வாங்கி, கையைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, “சரி, அல்லா போதுமானவன்” என்பார். கல்யாணம் ஆனதிலிருந்து மாதாமாதம் என் கை அவருக்குத் தந்தி அடித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் உங்கள் பாலிஷைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்தது. எப்போதும் போட்டிருந்தால் யாரும் எதையும் படிக்க முடியாது பார். கடைக்குக் கடிதம் போடச் சொன்னதும் இதற்குத்தான். இந்த வீட்டில் எனக்கென்று மூடிவைக்க ஒன்றும் இல்லை.

நீ பொறு என்றாய். பொறுத்தேன். உள்ளதை எல்லாம் அழித்துவிட்டு, எந்த நாளிலும் எதையும் பூசவில்லை. தொழுவது என் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, அதனால் மாமிக்குத் தெரிய வேறு வழி இல்லை. ஒரு மாதம் நகம் வெறுமையாகப் போனது. அடுத்த மாதமும் போனது. ஒரு நாள் டீயை வாங்கியவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “கேக்க மாட்டேன், கண்ணு பட்டுடும்” என்றார். அதற்குப் பிறகுதான் பால்.

நான் பொய் சொல்லவில்லை. நகம் சொன்னது. ஆனால் அது சொன்னதை நான் திருத்தவும் இல்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். முதல்முறையாக என்னை ஒருவர் முகம் பார்த்து “மகளே” என்றது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருந்தது. இப்போது மாமி தன் தங்கையிடம் சொல்லிவிட்டார், அவர் குடும்பத்தோடு பார்க்க வருகிறாராம். மச்சானுக்கு எல்லாம் தெரியும். “இருக்கட்டும், உம்மா சந்தோஷமா இருக்காங்க, மெதுவா சொல்லிக்கலாம்” என்கிறார். குழந்தைக்காக நான் போய்ப் பார்த்த டாக்டர் அம்மா எங்கள் இருவரையும் சேர்த்து வரச் சொல்லி ரொம்ப நாளாகிறது. ஒவ்வொரு தடவையும் மச்சானுக்கு ஒரு வேலை வந்துவிடுகிறது.

வாயால் சொல்ல என்னால் முடியாது. அடுத்த முறை தொழுகை இல்லாத நாள் வந்ததும் நல்ல பளிச்சென்ற சிவப்பைப் பூசிக்கொண்டு டீயை நீட்டுவேன். பார்த்ததும் புரிந்துகொள்வார். இத்தனை வருஷம் அப்படித்தானே புரிந்துகொண்டார்.

நம் உம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

அக்கா

*

அக்டோபர் 8

அக்கா,

ஸலாம். எப்படி இருக்கிறாய் என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய்?

சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், கடைக்காரப் பெண் ஏன் என்று கேட்டாள். அளவு சரியில்லை என்றேன். தெருவுக்கு வந்து அழுதேன். ஊரைக் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிற நான் என் அக்காவிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. “நானும் கேட்கவில்லை” என்று அதையே பெருமையாக வேறு எழுதினேன். உன் வாடிக்கையாளர் யார் என்று ஒருமுறை கேட்டேன், பதில் வராதபோது விட்டுவிட்டேன். மன்னித்துவிடு.

நீ சொன்ன வழி சரிதான் அக்கா. சிலதை வாயால் சொல்ல முடியாது. மச்சானை மட்டும் விடாதே.

இரண்டு பூச்சு விஷயத்தை அறிக்கையில் எழுதிவிட்டேன். டப்பாவில் உள்ள வாசகத்தை எடுக்க வேண்டும் என்றும் எழுதினேன். பட்டை அதை இரண்டு முறை படித்தார். “மேல அனுப்புறேன், எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா” என்றார். ஆறாவது கட்டத்துக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. தாளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்திருக்கிறேன். ஹாஸ்டலில் ஒருத்தி சொன்னாள்: “யாருக்கும் தெரியக் கூடாதுன்னு இல்ல. யாருக்கு, எப்போன்னு நான் முடிவு பண்ணணும். அவ்ளோதான்.”

என்ன நடந்தது என்று உடனே எழுது.

உன் தங்கை

*

அக்டோபர் 26

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் நன்றாக இருக்கிறேன். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

நினைத்தபடியே செய்தேன். கடையில் இருப்பதிலேயே கண்ணைப் பறிக்கிற சிவப்பு, முத்திரையும் இல்லாத ஊடுருவலும் இல்லாத சாதாரணப் பாலிஷ், இரண்டு பூச்சு. மறுநாள் காலை டீயை நீட்டினேன். மாமி கையைப் பார்த்தார். அவர் சிரித்தார்.

“நல்லா இருக்கும்மா! இது தொழுகைக்கும் போட்டுக்கலாமே, அந்தப் பாலிஷ்தானே? உன் நாத்தனார் ஒண்ணு வாங்கிட்டு வந்து டப்பாவைக் காட்டி எனக்கு எல்லாம் சொன்னா. இனிமே தினமும் போட்டுக்கோ. புள்ளத்தாச்சி கை இப்படித்தான் பளபளன்னு இருக்கணும்.”

வாங்கிய இடம் என் கவுண்டர். விற்றது நான். பார்த்தால் இரண்டு பாலிஷுக்கும் வித்தியாசம் தெரியாது. யாரும் படிக்க முடியாத கை வேண்டும் என்று எத்தனை ஆசைப்பட்டேன்! கிடைத்துவிட்டது. படிக்கச் சொல்லி நீட்டியபோது மாமியால் படிக்க முடியவில்லை.

உள்ளே போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர், தங்கை வருகிறாள், எந்தப் புடவை கட்டப் போகிறாய் என்று பேசத் தொடங்கிவிட்டார்.

“மாமி, இது அந்தப் பாலிஷ் இல்ல.”

“அதனால என்ன? அழிச்சுட்டு அதைப் போட்டுக்கோ.”

“எனக்கு இன்னைக்குத் தொழுகை இல்ல மாமி.”

டம்ளர் அப்படியே நின்றது.

“போன மாசமும் நாள் வந்து தொழுகை இல்ல. அதுக்கு முந்துன மாசமும் இல்ல. வயித்துல ஒண்ணும் இருந்ததே இல்ல மாமி.”

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?” அவர் குரல் உடைந்துவிட்டது. “எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே. எந்த முகத்தோட நான் வெளிய போவேன்?”

“நீங்க என்னைக் கேக்கவே இல்லையே மாமி. என் கையைத்தானே கேட்டீங்க.”

இதைச் சொன்னது நானா என்று எனக்கே ஆச்சரியம். மாமி எழுந்து அறைக்குப் போய்விட்டார். பால் நின்றது. “மகளே” நின்றது. தங்கையை வர வேண்டாம் என்று அவரே ஃபோன் செய்து சொன்னார், காரணம் சொல்லவில்லை. பல நாள் என் கையிலிருந்து டீயை வாங்கவில்லை, மேஜையில் வைத்தால் எடுத்துக்கொண்டார். நான் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

போன வெள்ளிக்கிழமை என் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். இந்த வீட்டில் யாரும் கதவைத் தட்டுவதில்லை, திறந்துகொண்டுதான் வருவார்கள். “உள்ள வரலாமாம்மா?” என்றார் மாமி. வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

“ரெண்டு பேரையும் சேர்ந்து வரச் சொன்னாங்க மாமி.”

“அவன் வந்தானா?”

இல்லை என்று தலையசைத்தேன். அவருக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து கூடத்துக்குப் போய் மகனைக் கூப்பிட்ட சத்தத்தில் நாத்தனார் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டாள். “இத்தனை வருஷமா இந்தப் பொண்ணு கையையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன், உன் காலு ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சுதான்னு ஒருநாள் பாத்தேனா?” என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. மச்சான் தலையைக் குனிந்தபடி நின்றார். பயமா இருந்துச்சு என்று பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார். எனக்கும்தான் என்றேன்.

நாளைக் காலை டாக்டரிடம் போகிறோம். மாமியும் வருவதாகப் புடவையை எடுத்து வைத்துவிட்டார்.

“வேண்டாம் மாமி, நாங்க ரெண்டு பேரும் மட்டும் போயிட்டு வர்றோம். டாக்டர் என்ன சொன்னாலும் நானே உங்ககிட்ட வந்து சொல்றேன்.”

அவர் முகம் வாடியது. கொஞ்ச நேரம் புடவையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மடித்துப் பெட்டியில் வைத்தார்.

“உனக்கு எப்ப சொல்லணும்னு தோணுதோ அப்ப சொல்லு” என்றார். “நான் காத்திருக்கேன்.”

துஆவில் எங்களை மறக்காதே.

உன் அக்கா